காப்புரிமையில் 'தொடர் விண்ணப்பம்' என்றால் என்ன? எத்தனை முறை போடலாம்? மருந்து விலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

புது மருந்து கண்டுபிடிச்சா 20 வருஷம் காப்புரிமை. அதுக்கு அப்புறம் யார் வேணும்னாலும் தயாரிக்கலாம், விலையும் குறையும். காப்புரிமை பற்றி நம்மில் பலருக்கும் தெரிந்த கணக்கு இதுதான்.

ஆனால் ஹுமிரா விஷயத்தில் இந்தக் கணக்கு சரியாக வரவில்லை. மூட்டுவாத நோயாளிகளுக்குப் போடப்படும் இந்த ஊசி மருந்தின் முதன்மைக் காப்புரிமை அமெரிக்காவில் 2016 இறுதியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் முதல் போட்டி மருந்து அங்கே விற்பனைக்கு வந்தது 2023 ஜனவரி 31-ம் தேதி. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே வந்துவிட்டது. இந்தியாவில் அதற்கும் முன்பே, 2014 டிசம்பரில் ஸைடஸ் நிறுவனம் தன் தயாரிப்பைக் கொண்டுவந்துவிட்டது.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? அந்த ஒரு மருந்தைச் சுற்றி ஆப்வீ நிறுவனம் வைத்திருந்த காப்புரிமைகள் 132. அவற்றில் பல, ஒரே விண்ணப்பத்திலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து வந்தவை. இப்படிக் கிளை விடுவதற்கு அமெரிக்கச் சட்டம் தரும் வழிதான் 'தொடர் விண்ணப்பம்'.

அது என்ன, அதற்கு என்ன விதி, கட்டுப்படுத்த நடந்த முயற்சிகள் என்ன ஆச்சு, இந்தியாவில் நிலைமை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடர் விண்ணப்பம்னா என்ன?

காப்புரிமை விண்ணப்பத்தில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. ஒன்று, விவரக்குறிப்பு. கண்டுபிடிப்பு என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, உரிமைக் கோரல். 'இதில் இன்னின்ன பகுதி எனக்கு மட்டுமே சொந்தம்' என்று எல்லை போட்டுச் சொல்வது.

நிலத்தோடு ஒப்பிட்டால் புரிந்துவிடும். விவரக்குறிப்பு என்பது மொத்த நிலத்தின் வரைபடம். உரிமைக் கோரல் என்பது அதில் நாம் போடும் வேலி. அடுத்தவர் உள்ளே வந்தாரா இல்லையா என்று நீதிமன்றம் பார்ப்பது வேலியை வைத்துத்தான்.

முதல் விண்ணப்பத்தில் நிலத்தின் ஒரு மூலைக்கு மட்டும் வேலி போட்டுக் காப்புரிமை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வரைபடத்தை வைத்து, 'இப்போ இந்தப் பக்கமும் வேலி போடணும்' என்று மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அதுதான் தொடர் விண்ணப்பம். முக்கியமான விஷயம், புது விண்ணப்பத்துக்கும் பழைய தேதியே கிடைக்கும். 2015-ல் தாய் விண்ணப்பம் போட்டிருந்தால், 2022-ல் போடும் தொடர் விண்ணப்பமும் 2015-லேயே போட்டது போலத்தான் பரிசீலிக்கப்படும். இடையில் வேறு யாராவது அதைக் கண்டுபிடித்திருந்தாலும் அது கணக்கில் வராது.

விதிகள் என்ன சொல்லுது?

அமெரிக்க காப்புரிமைச் சட்டத்தின் 120-வது பிரிவு இதைச் சொல்கிறது. முக்கிய நிபந்தனைகள் இவை:

• தாய் விண்ணப்பம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்போ, அது கைவிடப்படுவதற்கு முன்போ தொடர் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் பழைய தேதி போச்சு.

• புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. தாய் விண்ணப்பத்தில் எழுதப்பட்ட விஷயத்துக்கு மட்டுமே உரிமை கோர முடியும்.

• குறைந்தது ஒரு கண்டுபிடிப்பாளராவது இரண்டு விண்ணப்பங்களிலும் பொதுவாக இருக்க வேண்டும்.

• எந்த விண்ணப்பத்தின் தொடர்ச்சி என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். புது விண்ணப்பம் போட்ட 4 மாதங்களுக்குள், அல்லது தாய் விண்ணப்பத் தேதியிலிருந்து 16 மாதங்களுக்குள், இதில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு.

இதில் மூன்று வகை இருக்கிறது. மேலே சொன்னது சாதாரணத் தொடர் விண்ணப்பம். இரண்டாவது, பிரிப்பு விண்ணப்பம். 'உங்க விண்ணப்பத்தில் இரண்டு தனித்தனி கண்டுபிடிப்பு இருக்கு, ஒன்றைப் பிரிங்க' என்று அலுவலகம் சொல்லும்போது போடுவது. மூன்றாவது, பகுதித் தொடர் விண்ணப்பம். இதில் மட்டும் புது விஷயம் சேர்க்கலாம். ஆனால் புதிதாகச் சேர்த்த பகுதிக்குப் பழைய தேதி கிடைக்காது.

சரி, எத்தனை முறை போடலாம்? சட்டத்தில் எண்ணிக்கை வரம்பே கிடையாது. தாய்க்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளை நிலுவையில் இருக்கும்போதே ஒரு பேரன், அதற்கும் ஒரு வாரிசு என்று சங்கிலி போய்க்கொண்டே இருக்கலாம். அலுவலகம் தானாக வரம்பு வைக்க முடியாது என்று 1968-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போ 20 வருஷம்ங்கிறது 40 வருஷமா ஆயிடுமா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஆகாது. தொடர் விண்ணப்பம் மூலம் கிடைக்கும் காப்புரிமையின் 20 ஆண்டும், சங்கிலியின் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். 2015-ல் தாய் விண்ணப்பம் என்றால், 2022-ல் போட்ட பிள்ளைக்கும் பொதுவாக 2035-ல் காலம் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1995 ஜூன் 8-க்கு முன்பு, காப்புரிமை 'வழங்கப்பட்ட' நாளிலிருந்து 17 ஆண்டு என்று கணக்கு. அதுமட்டுமல்ல, வழங்கப்படும் வரை விண்ணப்பம் ரகசியமாகவே இருக்கும். விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டே போனால், 17 ஆண்டு எப்போது தொடங்க வேண்டும் என்பதை விண்ணப்பித்தவரே தீர்மானிக்கலாம்!

இதற்குப் பிரபலமான உதாரணம் ஜெரோம் லெமெல்சன் என்ற கண்டுபிடிப்பாளர். 1954-லும் 1956-லும் போட்ட விண்ணப்பங்களின் வாரிசுகளை வைத்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்கோடு ஸ்கேனர் பயன்படுத்திய நிறுவனங்களிடம் உரிமத் தொகை கேட்கப்பட்டது. தண்ணீருக்கு அடியிலேயே இருந்துவிட்டு திடீரென மேலே வருவதால் இவற்றுக்கு 'நீர்மூழ்கிக் காப்புரிமை' என்றே பெயர் வந்தது. 18 முதல் 39 ஆண்டுகள் வரையிலான தாமதத்தைச் சுட்டிக்காட்டி, இந்தக் காப்புரிமைகளைச் செயல்படுத்த முடியாது என்ற தீர்ப்பை 2005-ல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் உறுதி செய்தது. லெமெல்சன் அதற்கு முன்பே, 1997-ல் இறந்துவிட்டார்.

1995 மாற்றம் அந்தக் கதவை மூடியது. 2000-க்குப் பிறகு பெரும்பாலான விண்ணப்பங்கள் 18 மாதத்தில் பொதுவெளிக்கும் வந்துவிடுகின்றன.

பிறகு என்னதான் பிரச்னை?

நீளம் கூடுவதில்லை, சரி. ஆனால் வேலிகளின் எண்ணிக்கை கூடுகிறது.

முதல் பிரச்னை, வேலியைத் தள்ளிப் போடும் வசதி. விண்ணப்பச் சங்கிலியில் ஒன்றை எப்போதும் நிலுவையில் வைத்திருந்தால், பக்கத்து மனைக்காரர் எங்கே சுவர் எழுப்புகிறார் என்று பார்த்துவிட்டு, அந்தச் சுவரைத் தொடும் மாதிரி வேலி போடலாம். வரைபடத்துக்குள் இருக்கிற இடமாக மட்டும் இருக்க வேண்டும். போட்டியாளரின் தயாரிப்பைப் பார்த்து உரிமைக் கோரலை எழுதுவது தவறில்லை என்று அமெரிக்க நீதிமன்றமே 1988-ல் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது பிரச்னை, வழக்குச் செலவு. ஒரு காப்புரிமை செல்லாது என்று நிரூபித்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி கட்டணம், தனி வாதம். நூற்றுக்கும் மேற்பட்ட வேலிகளை ஒவ்வொன்றாக உடைத்து முடிப்பதற்குள், போட்டி நிறுவனம் சமரசத்துக்கு வந்துவிடும். ஹுமிராவில் நடந்தது அதுதான். போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆப்வீயுடன் உடன்பாடு செய்துகொண்டு, 2023 வரை அமெரிக்கச் சந்தைக்கு வெளியே காத்திருந்தார்கள். அந்தக் காலகட்டத்தின் முடிவில், அங்கே ஒரு மாத ஹுமிராவின் பட்டியல் விலை சுமார் 6,900 டாலர். போட்டி வந்த ஐரோப்பாவில், சில நாடுகளில் 80 சதவீதம் வரை ஆப்வீயே தள்ளுபடி கொடுத்தது.

ஹுமிராவின் 132 காப்புரிமைகளும் ஒரே சங்கிலி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தின் கலவை, அளவு, தயாரிப்பு முறை என்று பிற்காலத்தில் தனித்தனியாகப் போட்ட விண்ணப்பங்களுக்குத் தனித்தனி 20 ஆண்டு உண்டு. அந்த ஒவ்வொன்றையும் பல மடங்காகப் பெருக்கியதுதான் தொடர் விண்ணப்பம் செய்த வேலை. இது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று வழக்குப் போட்டும் பார்த்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் 7-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறையக் காப்புரிமை வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தொடர் விண்ணப்பத்தால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. கையில் காசு குறைவாக இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பை எடுத்துக்கொள்வோம். காப்புரிமை ஆய்வாளர் சிறிய எல்லையை மட்டும் ஏற்கிறார், பெரிய எல்லையை மறுக்கிறார். கிடைத்த சிறியதை உடனே வாங்கி, அதைக் காட்டி முதலீடு திரட்டலாம். பெரிய எல்லைக்கான வாதத்தைத் தொடர் விண்ணப்பத்தில் நடத்தலாம். இந்த வழி இல்லையென்றால், எல்லாம் கிடைக்கும் வரை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கும் இதே கதைதான். ஆய்வு நடக்கும்போது எந்தப் பகுதி சந்தைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இதை ஒரேயடியாக மூடவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை.

2007-ல் வரம்பு வைத்தார்களே, என்ன ஆச்சு?

அமெரிக்க காப்புரிமை அலுவலகம் 2007 ஆகஸ்ட் 21-ல் புது விதிகளை வெளியிட்டது. தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களைக் குறைக்க வேண்டும், அதே விஷயம் திரும்பத் திரும்ப வருவதால் ஆய்வாளர்களின் நேரம் போகிறது என்பது அலுவலகம் சொன்ன காரணம்.

விதி இதுதான்: ஒரு விண்ணப்பக் குடும்பத்துக்கு இரண்டு தொடர் விண்ணப்பம், ஒரு மறுபரிசீலனைக் கோரிக்கை. அதற்கு மேல் வேண்டுமென்றால், 'இதை ஏன் முன்பே சொல்ல முடியவில்லை' என்று காரணம் காட்ட வேண்டும். உரிமைக் கோரல்களும் மொத்தம் 25-க்கு மேல் போனால் விண்ணப்பதாரரே கூடுதல் ஆய்வு ஆவணம் தர வேண்டும்.

நவம்பர் 1-ல் விதிகள் அமலுக்கு வர வேண்டும். டாஃபாஸ் என்ற கண்டுபிடிப்பாளரும் மருந்து நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்க்ளைனும் வர்ஜீனியாவில் வழக்குப் போட்டார்கள். அமலுக்கு வருவதற்கு முந்தின நாள், அக்டோபர் 31-ல், நீதிமன்றம் தடை போட்டது. 2008 ஏப்ரல் 1-ல், விண்ணப்பதாரர்களின் உரிமையையே மாற்றும் விதிகளைப் போட அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2009 மார்ச்சில் கலவையான தீர்ப்பு. ஆனால் எண்ணிக்கை வரம்பு மட்டும் 120-வது பிரிவோடு முரண்படுகிறது என்று அங்கேயும் சொல்லப்பட்டது. அந்தத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுத்தார்கள். விசாரணை நடப்பதற்குள், 2009 அக்டோபரில் புதிய தலைவர் டேவிட் காப்போஸ் விதிகளையே திரும்பப் பெற்றுவிட்டார். அந்த வரம்பு ஒரு நாள்கூட அமலில் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. பிரிப்பு விண்ணப்பங்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் 2010 ஏப்ரலில் 24 மாதக் கெடு வைத்தது. 2014 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு, இரண்டாம் தலைமுறையிலிருந்து கூடுதல் கட்டணம் என்று மாற்றிக்கொண்டது.

இப்போ அமெரிக்காவில் என்ன விதி?

எண்ணிக்கையில் கை வைக்க முடியாததால், அமெரிக்காவும் இப்போது கட்டணத்தில் கை வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 19 முதல் இதுதான் கணக்கு:

• சங்கிலியின் முதல் தேதியிலிருந்து 6 ஆண்டுகளுக்குப் பிறகு போடும் தொடர் விண்ணப்பத்துக்கு 2,700 டாலர் கூடுதல் கட்டணம்.

• 9 ஆண்டுகளுக்குப் பிறகு என்றால் 4,000 டாலர். நம்ம ஊர் பணத்தில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல்.

• சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதமும், மிகச் சிறிய விண்ணப்பதாரர்களுக்கு 80 சதவீதமும் சலுகை.

முதலில் 5 ஆண்டு, 8 ஆண்டு என்றுதான் முன்மொழிந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 6, 9 என்று தளர்த்தப்பட்டது.

இது வேலை செய்யுமா? ஹுமிராவின் 2022-ம் ஆண்டு உலக விற்பனை 2,100 கோடி டாலருக்கும் மேல். அந்த அளவுக்கு வருமானம் வரும் மருந்துக்கு 4,000 டாலர் ஒரு பொருட்டே இல்லை. சலுகை போக 1,600 டாலர் கட்ட வேண்டிய சிறு நிறுவனம்தான் 'இது தேவையா' என்று யோசிக்கும். யாரைக் கட்டுப்படுத்த நினைத்தார்களோ அவர்களைத் தொடாமல், மற்றவர்களைத் தொடுகிற கட்டணம் இது.

வழக்குச் செலவைக் குறைக்கும் ஒரு யோசனையும் வந்தது. ஒரே கண்டுபிடிப்பின் சிறு மாற்றங்களுக்குப் பல காப்புரிமை வாங்கும்போது, 'எல்லாம் ஒரே நாளில் முடியும்' என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கும் நடைமுறை உண்டு. அப்படிக் கட்டப்பட்ட கொத்தில் ஒரு காப்புரிமையின் கோரல் செல்லாது என்று ஆனால், அதோடு கட்டப்பட்டதையும் செயல்படுத்த முடியாது என்று 2024 மே மாதம் அலுவலகம் முன்மொழிந்தது. ஒரு வேலி விழுந்தால் அதோடு சேர்ந்ததும் விழும். பிரச்னையின் மையத்தைத் தொட்ட யோசனை இதுதான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இந்தியாவில் தொடர் விண்ணப்பம் உண்டா?

அமெரிக்க மாதிரியான தொடர் விண்ணப்பம் இங்கே கிடையாது. காப்புரிமைச் சட்டம் 1970-ன் 16-வது பிரிவின்படி, ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டுபிடிப்பு இருந்தால் பிரிப்பு விண்ணப்பம் போடலாம். காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே போட வேண்டும். 20 ஆண்டும் தாய் விண்ணப்பத் தேதியிலிருந்துதான்.

ஆனால் இந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி வருகிறது. தாய் விண்ணப்பத்தின் உரிமைக் கோரலிலேயே இரண்டு கண்டுபிடிப்பும் இருந்தால்தான் பிரிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 ஜூலையில் சொன்னார். 2023 அக்டோபரில் சின்ஜென்டா வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. விவரக்குறிப்பில் எழுதியிருந்தாலே போதும், விண்ணப்பதாரர் தானாகவும் பிரிக்கலாம் என்றது. 2024 மார்ச் 15-ல் வந்த திருத்த விதிகள், பிரிப்பு விண்ணப்பத்திலிருந்து இன்னொரு பிரிப்பு விண்ணப்பம் போடுவதற்கும் வழி செய்தன.

வேலிக்கு உள்ளே இருப்பது மட்டுமே என்ற நிலை போய், வரைபடத்தில் இருப்பது எதுவானாலும் என்ற நிலை வந்திருக்கிறது. பிள்ளை மட்டும் என்பது போய், பேரனும் உண்டு என்றாகியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். காசநோய் மருந்தான பெடாகுலினின் ஆயுளை 2027 வரை நீட்டித்திருக்கக்கூடிய ஒரு விண்ணப்பத்தை, 2023 மார்ச்சில் மும்பை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அதில் ஆட்சேபம் தெரிவித்தவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்த பிறகு பல ஆண்டு நடக்கும் சண்டையை, இங்கே கொடுக்கும் முன்பே முடிக்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் ஆட்சேபம் என்பது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனி. தாய் விண்ணப்பத்தை எதிர்த்து ஜெயித்தாலும், அது நிலுவையில் இருந்தபோதே போடப்பட்ட பிரிப்பு விண்ணப்பம் இருந்தால், அதற்கு மறுபடியும் முதலிலிருந்து ஆட்சேபம் போட வேண்டும். அதே 2024 திருத்த விதிகள் ஆட்சேபத்துக்குக் கட்டணம் வைத்திருக்கின்றன. அந்த ஆட்சேபம் விசாரணைக்கு உகந்ததா என்று அதிகாரி முதலில் முடிவு செய்யும் ஒரு படியையும் சேர்த்திருக்கின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும். விண்ணப்பத்தைப் பிரிப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. அதை எதிர்ப்பது முன்பைவிடச் செலவாகியிருக்கிறது. ஹுமிரா விஷயத்தில் அமெரிக்க நோயாளிகள் 6 ஆண்டு காத்திருந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே சமனின்மைதான்: வேலி போடுகிறவருக்குச் செலவு குறைவு, உடைக்கிறவருக்கு அதிகம். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க அமெரிக்காவாலும் ஐரோப்பாவாலும் முடியவில்லை. இந்தியாவிடம் மிச்சம் இருக்கிற கருவி ஆட்சேபம்தான். அதனால், அடுத்த முறை ஒரு மருந்தின் காப்புரிமை நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வந்தால் கூடவே ஒன்றைக் கேட்டுப் பாருங்க: அந்த விண்ணப்பத்துக்குப் பிள்ளை ஏதாவது நிலுவையில் இருக்கா?